நாற்பது அடிக்கு மூன்று அங்குலம்

என்னிடம் குழாய் வேலை பழகிய உங்களில் ஒருவர் போன வாரம் போன் செய்தார். யார் என்று சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு வீடு. சமையலறை சிங்க் ஒரு மூலையில், கழிவுநீர் போய்ச் சேர வேண்டிய தொட்டி அதற்கு நேர் எதிர் மூலையில். "சரிவு கிடைக்கலைங்க ஐயா. ஒரு மோட்டார் வச்சித் தள்ளிடலாமா?" என்று கேட்டார்.

மோட்டார் வைப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். "அந்த சிங்க்கில் என்ன தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? எப்படி ஊற்றுவார்கள்?" "அதைக் கேக்கலைங்களே ஐயா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்காமல் விட்டவன்தான் நானும். அந்தக் கதையை உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் களம்பூர்க்காரன். அப்பா அங்கே ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். நான் மூட்டைக்குப் பயந்து மெட்ராஸுக்கு ஓடி, ஒரு மேஸ்திரியிடம் ஆறு வருஷம் குழாய் வேலை பழகிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் வீட்டுக்குள் வர வேண்டும். வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ நிற்க நேரமில்லாத வேலை. கையில் மட்டம் பார்க்கப் பன்னிரண்டு அங்குல ரசமட்டம் ஒன்று, பைப் ரென்ச் ஒன்று, 'நான் மெட்ராஸில் வேலை பார்த்தவன்' என்கிற திமிர் கொஞ்சம். மூன்றையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன்.

ஒருநாள் நான் வழக்கமாக உட்காரும் இரும்புக்கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பில்லாத வலது காலை மெதுவாக வைத்து நடந்தாள்.

"பைப்பு வேல செய்யறவரு நீங்கதானுங்களா?"

"ஆமா. சொல்லுங்கம்மா."

அவள் பெயர் வேதவல்லி. பட்டுத்தறிக்காரர் வீடு. கணவர் ஏகாம்பரம் தறியில் உட்காருவார். தறிக்கு வரும் பட்டு நூலை வேகவைப்பது இவள் வேலை. இது உங்களில் பலருக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். புழுக்கூட்டிலிருந்து இழுத்த பட்டு நூல் நாம் கடையில் பார்க்கிற மாதிரி இருக்காது. மேலெல்லாம் பசை ஏறி, தென்னை நார் போல விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் அதைப் புரட்டிப் புரட்டி எடுத்தால் பசை கழன்று பட்டு மெத்தென்று ஆகி மின்னும். வாரத்துக்கு இரண்டு நாள் வேதவல்லி தன் வீட்டுக்கும் அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் பட்டு வேகவைப்பாள். கைப்பக்குவத்துக்கு அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் உண்டு.

அடுப்பு பின்கட்டில் இருந்தது. பின்கட்டைச் சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர்கள். தண்ணீர் கொட்ட ஒரு இடம் கிடையாது. அதனால் கொதித்த பசைத்தண்ணீரைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, தறிக்கூடத்தைக் கடந்து, வாசலுக்குப் போய்த் தெருக் கால்வாயில் கொட்ட வேண்டும். ஒரு வேகவைப்பு நாளில் பதினைந்து இருபது நடை.

"போன மாசம் ஈரத்துல வழுக்கிடுச்சிங்கணா. சட்டி என் கால்மேல கவுந்துடுச்சி" என்றாள். புறங்காலில் தோல் உரிந்து புதுத்தோல் பளபளவென்று சிவந்து கிடந்தது. "அது ஆறிடும். எம் பொண்ணு பத்து மாசக் கொழந்தை, அங்கதான் தவழ்ந்துகினு இருந்தா. இவ்ளோ தள்ளி." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் காட்டினாள்.

"இப்ப பட்டு வேகவைக்கிற அன்னிக்கெல்லாம் அவளை இடுப்புல துணியைச் சுத்தி தறிக்கால்ல கட்டிப் போட்டுடறேன். காலையிலேர்ந்து கத்திகினே கெடக்கறா. பெத்தவ செய்யற வேலையாங்கணா இது? பின்கட்டுலயே ஒரு தொட்டி கட்டி, தண்ணி தானா தெருவுக்குப் போற மாதிரி செஞ்சிக் குடுங்க."

"இதென்ன பெரிய விஷயம்? ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றேன். வீட்டைப் பார்க்காமலே சொன்னேன். இந்தத் தொழிலில் நாக்கு எப்போதும் ரசமட்டத்துக்கு முன்னால் ஓடுகிறது.

மறுநாள் போனேன். என் அப்பா அந்தத் தெருவுக்கு ஏதாவது வேலையாகப் போனால் வாசலோடு நின்று பேசிவிட்டு வந்துவிடுவார். அந்தக் காலம் அப்படி. பிளம்பர் அப்படி நிற்க முடியாது. பின்கட்டு வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். வேதவல்லி என்னை உள்ளே கூப்பிட்டு, உட்காரப் பலகை போட்டு, மோர் கொடுத்தாள். அதை நான் மறக்கவில்லை.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். பின்கட்டு அடுப்பிலிருந்து தெருக் கால்வாய் வரை நாற்பது அடி. எனக்கு வேலை கற்றுத்தந்த மேஸ்திரி சொன்ன கணக்கு, அடிக்குக் கால் அங்குலம். அப்படியென்றால் நாற்பது அடிக்குப் பத்து அங்குலம் சரிவு வேண்டும். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தேன். ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து போயிருந்தது. பின்கட்டுத் தரையோ தாழ்வு. தரைக்கு அடியில் குழாய் புதைத்து, அதன் வாய் கால்வாய்த் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வைத்தால், மிச்சம் கிடைப்பது மூன்று அங்குலம்! நான் இரண்டு முறை அளந்தேன். மூன்றாவது முறை அளந்தபோது அது மூன்றுக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

சுவரோரமாகத் தரைக்கு மேலே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் தறி. மறுபக்கம் இரண்டு அறை வாசல்கள். வாசலுக்குக் குறுக்கே குழாய் போட்டால் தினமும் ஒருவர் தடுக்கி விழுவார். அதனால் ஏகாம்பரத்திடம் போய், "கூடத்துத் தரையை ஒரு நாலு அங்குலம் உயர்த்திடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் அப்போது தறியில் இருந்தார். குழித்தறி என்பது தெரியுமல்லவா? தரையில் குழி வெட்டி, நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். சேலை அவர் மடிக்கு நேராக ஓடும். அவர் கையை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க வந்து உக்காருங்க மேஸ்திரி."

எழுந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். என் கால் மிதிக்கு எட்டவில்லை. எட்டிப் பிடித்தால் முதுகு வளைந்தது.

"எங்க அப்பா எனக்கு அளவு பார்த்து வெட்டின குழி இது. எங் காலு, எங் கை, எம் முதுகு, மூணுக்கும் சேர்த்து. தரையை ஒரு வெரல் தூக்கினாலும் நான் வேற ஆளா பொறந்துதான் வரணும்" என்றார்.

எழுந்து நின்று அந்தக் கூடத்தைத் திரும்பப் பார்த்தேன். தரை, குழி, தறி, மேலே தொங்கும் கயிறு எல்லாமே ஒரு மனிதனின் உடம்பிலிருந்து அளவெடுத்தவை. ஆறு வருஷம் மெட்ராஸில் எத்தனையோ கட்டடங்களுக்குள் போய்வந்திருக்கிறேன். ஒரு வீட்டை இப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். தரையை உயர்த்துகிற பேச்சை அதோடு விட்டேன்.

சரி, மூன்று அங்குலத்திலேயே செய்கிறேன் என்று இறங்கினேன். சுட்ட களிமண்ணால் ஆன நாலு அங்குல ஸ்டோன்வேர் குழாய். பிவிசி எல்லாம் அப்போது எங்கள் பக்கம் அவ்வளவாக வரவில்லை. ஒவ்வொரு குழாயும் இரண்டடி. நாற்பது அடிக்கு இருபது குழாய். நடைபாதை ஓரமாகப் பள்ளம் தோண்டி, சணலும் சிமென்டும் வைத்து இணைத்துப் புதைத்தேன். பின்கட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தொட்டி கட்டினேன்.

ஆனாலும் உள்ளுக்குள் பயம். சரிவு போதாது என்று எனக்குத் தெரியும். அதனால் வேலை முடிந்ததும் வேதவல்லியைக் கூப்பிட்டு, பெரிய மனுஷன் மாதிரி மூன்று புத்திமதி சொன்னேன். "சூடா ஊத்தாதீங்க, பைப்பு இணைப்பு விட்டுடும். ஆற வச்சி ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க, மொண்டு மொண்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க." அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இந்த மூன்று புத்திமதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேகவைப்பு நாள் தண்ணீர் போனது. மெதுவாக, ஆனால் போனது. இரண்டாவது நாளும் போனது. மூன்றாவது நாள் மத்தியானம் ஏகாம்பரமே சைக்கிளில் இரும்புக்கடைக்கு வந்தார். இறங்காமலே பேசினார்.

"மேஸ்திரி, எங் காலு தண்ணியில இருக்குது. வந்து பாருங்க."

ஓடினேன். குழாய் அடைத்து, தண்ணீர் முன்னே போக வழியில்லாமல் ஒரு இணைப்பை உடைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி, தறிக்குழிக்குள் கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. சோப்பு நாற்றம். தறியில் பாதி நெய்த சேலை. ஈரக்காற்று பட்டால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தளர்ந்து போகும் என்று அதைப் போர்வையால் மூடி வைத்திருந்தார்கள்.

"போதும் பேஜார். குழாயைப் பேத்து எடுத்துட்டு மண்ணைத் தள்ளி மூடிடுங்க" என்றார் ஏகாம்பரம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போது வேதவல்லி பின்கட்டிலிருந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆவி பறக்கிறது. கண் தரையிலேயே இருக்கிறது. வெந்த காலைப் பார்த்துப் பார்த்து வைத்து என்னைத் தாண்டிப் போனாள். தறிக்காலில் கட்டியிருந்த குழந்தை அம்மாவைப் பார்த்ததும் துணியை இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்து, எட்டாமல் உட்கார்ந்து அழுதது. எனக்கு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

ஓடவில்லை. "குழியைக் காய வைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். நாலு நாள் என்றார். "அந்த நாலு நாள் எனக்குக் குடுங்க. அடுத்த வேகவைப்புக்குள்ள சரி பண்ணலன்னா நானே மூடிடறேன்" என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். வேதவல்லி காலிச் சட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தவள், "செய்யட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பள்ளத்தைத் திறந்து, அடைத்த இடத்தில் குழாயை உடைத்தேன். சேறு இருக்கும், முடி இருக்கும், நூல் கழிவு இருக்கும் என்று நினைத்துக் கையை விட்டேன். கையில் வந்தது வேறு. வெள்ளையாக, குழகுழவென்று, இளநுங்கு மாதிரி ஒரு பொருள். குழாயின் வடிவத்திலேயே ஒரு முழ நீளத்துக்கு உறைந்து கிடந்தது. உள்ளங்கையில் வைத்தால் தளதளவென்று ஆடியது. சேறும் முடியும் அடைக்காத என் குழாயை இது அடைத்திருக்கிறது!

"இது என்னாம்மா?" என்று கேட்டேன்.

"அதான் பட்டோட பசை" என்றாள் வேதவல்லி, சாதாரணமாக. "சூட்டுல தண்ணியா இருக்கும். ஆறினா கூழா கட்டிக்கும். தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதே!"

"நீங்க கேக்கலயே!"

உண்மைதான். எத்தனை அடி, எத்தனை அங்குலம், எத்தனை குழாய் என்று எல்லாவற்றையும் அளந்தேன். வரப்போவது என்ன தண்ணீர் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தண்ணீரோடு வருஷக்கணக்கில் பழகியவள் என் எதிரிலேயே நின்றிருந்தாள்.

இப்போது கேட்டேன். "தெருக் கால்வாயில கொட்டும்போது அடைக்கலயே. அங்க எப்படிக் கொட்டுவீங்க?"

"சுடச்சுட, ஒரே மூச்சுல கவுத்துடுவேன். மொண்டு மொண்டு ஊத்தினா கால்வாயிலயே கட்டிக்கும். எதிர் வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. அப்புறம் பட்டை அலசின தண்ணியை அது பின்னாலயே கொட்டுவேன். எல்லாம் அடிச்சிகினு போயிடும்."

"அப்ப தொட்டியில மட்டும் ஏம்மா ஆற வச்சி மொண்டு ஊத்தினீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதானே அப்படி ஊத்தச் சொன்னீங்க?"

என் மூன்று புத்திமதியும் என் முகத்தில் அறைந்தன. சரிவு குறைவு என்று பயந்து நான் சொன்ன ஒவ்வொன்றும் அந்தக் குழாயைக் கொல்வதற்குச் சொன்னது. அவள் தன் அனுபவத்தை ஒதுக்கிவைத்து, படித்தவன் சொல்கிறான் என்று என்னை நம்பியிருக்கிறாள்.

ஆனால் அதே பேச்சில் விடையும் கிடைத்துவிட்டது. சரிவு குறைந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீர் நத்தை மாதிரி ஊர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் வழியில் இறக்கி வைத்துவிடும். மொத்தமாகப் போகிற தண்ணீர் அப்படி இல்லை. பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதைத் தள்ளும். நான் பயந்த வேகம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த முறை புதைத்துவிட்டு வேண்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. அந்தத் தெருவில் காலையில் பாவு நீட்டிக் கட்டுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி ஒழுங்கு செய்வது. அவர்கள் முடித்துப் போனதும், பள்ளத்திலிருந்து எடுத்த குழாய்களோடு உடைந்ததற்குப் பதில் ஒன்று சேர்த்து, இருபதையும் அதே இடத்தில் வரிசையாக அடுக்கினேன். செங்கல்லும் மரச்சில்லும் முட்டுக் கொடுத்து, நாற்பது அடிக்கு அதே மூன்று அங்குலம். இணைப்புக்குக் களிமண். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா மேஸ்திரி, நீங்களும் பாவு போடறீங்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

வேதவல்லி ஒரு சட்டி பசைத்தண்ணீர் வைத்திருந்தாள். பாதியை ஆற வைத்து, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. கழுவிவிட்டு, மிச்சத்தைச் சூடாக்கி, ஒரே மூச்சில் கவிழ்த்தேன். பின்னாலேயே ஒரு சட்டி வெறும் தண்ணீர். உள்ளே 'ஹோ'வென்று ஒரு இரைச்சல் ஓடியது. நான் மறுமுனைக்கு நடந்து போவதற்குள் தண்ணீர் எனக்கு முன்னால் அங்கே இருந்தது. மண்டியிட்டுக் குழாய்க்குள் பார்த்தேன். நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் வட்டமாக வெளிச்சம். உள்சுவர் முழுக்கக் கழுவிவைத்த பீங்கான் மாதிரி பளபளத்தது. ஆறு வருஷமாகத் தண்ணீரோடு வேலை செய்தவன், தண்ணீரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம். மூன்று அங்குலத்தை இருபது குழாய்க்கும் சமமாகப் பங்கு போட வேண்டும். முதல் தடவை நான் பின்கட்டுப் பக்கம் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் மட்டமாக விட்டிருந்தேன். அடைத்தது அங்கேதான். சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு குழாயும் முந்தியதைவிட இரண்டு தீக்குச்சி கனம் தாழ வேண்டும். என் ரசமட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. நடுவில் ஒரு குழாய் கொஞ்சம் தூக்கினாலும் அதற்குப் பின்னால் பசை தேங்கும்.

மூன்றாம் நாள் பள்ளத்தில் குழாய்களை வைத்து, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் தெருவில் நடந்த சோதனையை வாசலில் நின்று பார்த்தவர்தான். இப்போது முறுக்கிய பட்டு நூல் ஒன்றை எடுத்துவந்து, பள்ளத்தின் இரண்டு முனையிலும் நான் குறித்த உயரத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டினார். பிறகு தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"எட்டாவது பைப்பு தூக்கியிருக்குது."

"இல்லைங்க. அதை நல்லாப் பார்த்துதான் வச்சேன்."

"தூக்கியிருக்குது மேஸ்திரி. பதிமூணாவது எறங்கியிருக்குது."

வீம்புக்காக டியூபில் மட்டம் பிடித்துப் பார்த்தேன். எட்டாவது குழாய் ஒரு தீக்குச்சி கனம் உயர்ந்திருந்தது. பதிமூன்றாவது அதே அளவு இறங்கியிருந்தது. நான் டியூபைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மனிதக் கண் இருக்குமா?

அவருக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "ஆயிரக்கணக்குல இழை ஓடுது. அதுல ஒண்ணு தொங்கினாலும் சேலையில தெரிஞ்சிடும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதைத்தானே பாத்துகினு இருக்கறேன்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்று மீதி நேரம் அவர் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் மண்ணைப் போட்டும் எடுத்தும் குழாய்களை வைத்தேன். ரசமட்டம் பைக்குள்ளேயே கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகளில் எத்தனையோ கருவிகள் பிடித்துவிட்டேன். அவர் கண்ணுக்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை.

தொட்டியையும் மாற்றினேன். ஒரு சட்டித் தண்ணீர் முழுசாகக் கொள்ளும்படி ஆழப்படுத்தி, அடியில் பெரிய துவாரம் விட்டேன். அதற்கு ஏகாம்பரம் பழைய தறி மரத்தில் ஒரு கட்டையைச் செதுக்கி, துணி சுற்றி, நீளமான கைப்பிடி வைத்து ஒரு அடைப்பான் செய்தார். சட்டியைக் கவிழ்த்து, தொட்டி நிறைந்ததும் அடைப்பானைப் பிடுங்க வேண்டும். பின்னாலேயே அலசின தண்ணீர், அதுவும் மொத்தமாக. கடைசியாகத் தொட்டிக்கு அடியிலுள்ள குழாய் வளைவில் தங்குவது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். இந்த முறை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வேதவல்லி எனக்குச் சொன்னாள், நான் தலையாட்டினேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். சரிவு இருக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் குழாய் போடலாம். சரிவு இல்லாத இடத்தில், அந்தத் தண்ணீரைக் கொட்டப்போகிறவரின் பக்கத்தில் போய் ஒரு நாள் உட்காருங்கள். அவர் கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். நாம் அவருக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

வேகவைப்பு நாள் வந்தது. ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்தார். குழந்தை வழக்கம்போலத் தறிக்காலில் கட்டப்பட்டு அழுதுகொண்டிருந்தது. நான் மூடின பள்ளத்தின் மேலேயே நின்றேன். பின்கட்டில் சட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது. பிறகு அடைப்பானைப் பிடுங்குகிற சத்தம். ஒரு கணம் ஒன்றுமில்லை.

"போவுது" என்றார் ஏகாம்பரம். தறியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "போவுது... இங்க வந்துடுச்சி... என்னைத் தாண்டிடுச்சி மேஸ்திரி! ஓடுங்க!"

வாசலுக்கு ஓடினேன். குழாய் வாயிலிருந்து ஆவியோடு தண்ணீர் கொட்டியது. நுரை நுரையாக, முழு வாய் நிறைந்து கொட்டி, நின்றது. உடனே அதன் பின்னால் அலசின தண்ணீர் தெளிவாக வந்தது. குனிந்து குழாய் வாய்க்குள் விரல்விட்டுத் தடவினேன். வழவழப்பு இல்லை. கையெல்லாம் கால்வாய்ச் சேறு.

திரும்பிப் பார்த்தேன். கூடத்தின் மறுகோடியிலிருந்து வேதவல்லி வந்துகொண்டிருந்தாள். வேகவைப்பு நாளில் அவள் தரையைப் பார்க்காமல் நடந்து நான் பார்த்ததில்லை. இப்போது நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தறிக்கால் பக்கத்தில் நின்றாள். குனிந்து குழந்தையின் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். இழுத்து இழுத்து முடிச்சு இறுகிப் போயிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் வந்து என் பக்கத்தில் நின்றாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கால்வாயிலிருந்து எழும் ஆவியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

வேதவல்லி என் சேற்றுக் கையைப் பார்த்தாள். தன் கையிலிருந்த அந்தத் துணியை என்னிடம் நீட்டினாள்.

"கை தொடைச்சிக்கோங்கணா. இனிமே இது எதுக்கு?"